கருமேகத்தில் கறுப்பு இல்லை

(ஜெயங்கொண்டத்தில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேகத்துக்கு நிறம் எப்படி வருகிறது என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். இதை எந்த ஊரிலும் பேசலாம். ஆனால் ஜெயங்கொண்டத்தில் பேசுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. இது மழையை நம்பி வாழும் வட்டாரம். தெற்கே கொள்ளிடக் கரையை ஒட்டி ஆற்றுப் பாசனம் உண்டு. வடக்கே ஆண்டிமடம், மேற்கே செந்துறை என்று போனால் செம்மண்ணும் முந்திரித் தோப்பும் மானாவாரிக் காடும்தான். ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் எழுப்பியதோடு நிற்கவில்லை. சோழகங்கம் என்ற பேரேரியையும் அமைத்தான். நீர்வடிவான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் போற்றுகிறது. இன்று நாம் பொன்னேரி என்று சொல்லும் அந்த ஏரியும் வானத்தைப் பார்த்துத்தான் கிடக்கிறது. இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு வானத்தைப் பார்க்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. "மேற்கே கருத்துக்கிட்டு வருது, காயப்போட்ட கொட்டையை வாரு" என்று குரல் கொடுக்காத வீடு இங்கே கிடையாது. நீங்கள் காலங்காலமாகக் கண்ணால் கண்டு வைத்திருப்பதற்குக் காரணம் என்ன என்பதை மட்டும் சொல்ல வந்திருக்கிறேன்.

சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழையை நினைத்துப் பாருங்கள். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு மேற்கே பச்சமலைப் பக்கம் திரளும். அடிப்பாகம் மை பூசியதுபோல் கருத்து, ஊரை நோக்கி வரும். காற்று அடிக்கும், புழுதி பறக்கும், அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கும். பிறகு மேகம் கிழக்கே நகர்ந்துவிடும். மேற்கே வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது திரும்பிக் கிழக்கே பாருங்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேலே அதே மேகம் நிற்கும். ஆனால் கறுப்பாக இருக்காது. வெள்ளை வெளேரென்று, உச்சியில் பொன்னிறம் பூசி, கீழே வானவில்லோடு நிற்கும். சற்று முன்பு நம்மை இருட்டடித்த மேகம்தான் அது. அதே நேரத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால், "மேற்கே ஒரே கறுப்பாக வருகிறது" என்பார். மேகம் ஒன்று, நேரம் ஒன்று. நமக்கு வெள்ளை, அவருக்குக் கறுப்பு.

இந்த ஒரு காட்சியை ஊன்றிப் பார்த்தாலே போதும், பாதி விடை கிடைத்துவிடும். கறுப்பு என்பது மேகத்துக்குள் இருக்கும் ஒரு பொருளாக இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கறுப்பாகத்தானே தெரிய வேண்டும்?

பலரும் சொல்லும் விடைகள் இரண்டு. மேகம் கடலில் நீரைக் குடித்துக் கருக்கிறது, பெய்து முடித்ததும் வெளுக்கிறது என்பது பழைய விடை. நம் புலவர்கள் அதை அழகாகப் பாடியிருக்கிறார்கள். மழைமேகத்தின் கருமையைத் திருமாலின் மேனியோடு சேர்த்துப் பார்த்தாள் ஆண்டாள். பார்வை என்ற அளவில் அந்த விடை தவறில்லை. நீர் மிகுந்த மேகம் கருத்துத் தெரிகிறது, நீர் குறைந்த மேகம் வெளுத்துத் தெரிகிறது. காரணம்தான் வேறு. கருமேகம் வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் கறுப்பு என்பது இரண்டாவது விடை. இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் ஒளியை நீர்த்துளி உறிஞ்சுவது மிக மிகச் சொற்பம். மேகத்துக்குள் போன வெளிச்சம் தொலைந்து போவதில்லை. வேறு பக்கம் திரும்பிப் போகிறது.

எங்கே திரும்புகிறது என்பதுதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி. அதற்கு முன் நீல வானத்தை ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம்.

சூரிய ஒளியில் ஊதா முதல் சிவப்பு வரை எல்லா நிறமும் கலந்திருக்கிறது. ஒளி அலையாகச் செல்வது. ஊதா ஒளியின் அலைநீளம் 400 நானோமீட்டர், அடர்சிவப்பின் அலைநீளம் 700 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. காற்றின் மூலக்கூறுகள் இந்த அலைகளைவிடப் பல நூறு மடங்கு சிறியவை. இவ்வளவு சிறிய துகளில் பட்டால் குட்டை அலைதான் அதிகமாகச் சிதறும். 1871இல் இங்கிலாந்தின் ராலே பிரபு இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கின்படி 400 நானோமீட்டர் ஒளி, 700 நானோமீட்டர் ஒளியைவிட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறுகிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தச் சிதறிய நீலம் நம் கண்ணுக்கு வருகிறது. வானம் நீலம்.

நம் ஊரிலிருந்து பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7ஆம் நாள் பிறந்தவர் சி. வி. ராமன். 1921இல் கப்பலில் இங்கிலாந்து போய்த் திரும்பியபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை உலுக்கியது. வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலம் என்பது அதுவரை ராலே சொல்லியிருந்த விளக்கம். ராமன் தம்மிடமிருந்த நிக்கோல் பட்டகம் என்ற சிறு கருவியைக் கண்ணருகே வைத்து, கடல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை வடிகட்டிப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். அந்தத் தேடல்தான் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு 1928 பிப்ரவரி 28ஆம் நாள் ராமன் விளைவாகவும், 1930இல் நோபல் பரிசாகவும் முடிந்தது. எண்பது வயது நிறைந்த பிறகு, 1968 டிசம்பரில், அகமதாபாத்தில் பேச அழைத்தபோதும் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதுதான். நோபல் பரிசு பெற்றவருக்கு அந்தக் கேள்வி சின்னதாகத் தோன்றவில்லை. நமக்கும் தோன்ற வேண்டாம்.

ராமன் பார்த்த கடலில் இருப்பதும் நீர்தான், மேகத்தில் இருப்பதும் நீர்தான். ஆவியாகக் காற்றில் கலந்திருக்கும்போது அந்த நீருக்கு நிறமே இல்லை. புழுக்கம் மிகுந்த ஐப்பசிப் பகலில் நம்மைச் சுற்றி எத்தனையோ நீராவி இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறதா? அதுவே மேலே போய், குளிர்ந்து, தூசு, உப்பு போன்ற நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு துளியானதும் வெள்ளையாகத் தெரிகிறது.

ஏனென்றால் அளவு மாறிவிட்டது. மேகத்துளியின் குறுக்களவு சுமார் 20 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. நம் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. ஒளியலைக்கோ அது பெரிய பாறை. பச்சை ஒளியின் அலைநீளத்தைவிட ஏறக்குறைய நாற்பது மடங்கு. இவ்வளவு பெரிய துளியின் முன்னால் நீலம், சிவப்பு என்ற வேற்றுமை எடுபடாது. எல்லா நிறத்தையும் அது ஒன்றுபோலவே திருப்பிவிடுகிறது. இப்படிப்பட்ட உருண்டைத் துகள்களுக்கான முழுக் கணக்கை 1908இல் ஜெர்மனியின் குஸ்டவ் மீ எழுதினார். எல்லா நிறமும் சம அளவில் சேர்ந்து வந்தால் கண் அதை வெள்ளை என்கிறது. உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல் உப்பு கண்ணாடி போல இருக்கும், பொடித்துக் குவித்தால் வெள்ளை. மேகத்தின் வெள்ளையும் அப்படிப்பட்டதுதான். சாயம் எதுவும் இல்லை.

இனி கறுப்புக்கு வருவோம்.

நீர் செறிந்த ஒரு மேகத்துக்குள் நுழையும் ஒளி பத்து இருபது மீட்டர் போவதற்குள் ஒரு துளியில் முட்டித் திரும்பும். பிறகு இன்னொரு துளி, பிறகு இன்னொன்று. மேகம் ஒரு கிலோமீட்டர் தடிமன் என்றால் எத்தனை முறை முட்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இப்படி அலைக்கழிந்த ஒளியில் பெரும்பகுதி வந்த வழியே, மேகத்தின் உச்சி வழியாக, வானத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது. கொஞ்சம்தான் அடிப்பக்கம் கசிந்து இறங்குகிறது. நாம் நிற்பது அடிப்பக்கத்தில்.

எவ்வளவு தடிமன் என்பதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் ஏறக்குறைய 55 மீட்டர் உயரம். கோடை மழை மேகத்தின் அடிப்பாகம் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், விமானத்தின் மேல் விமானமாகப் பதினெட்டு அடுக்கினால்தான் அதைத் தொட முடியும். அங்கிருந்து உச்சிவரை? இங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். அந்தச் சாலையைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தால் எவ்வளவு உயரமோ, இடிமேகத்தின் தடிமன் அவ்வளவு. சில நாள் அதைவிடவும் அதிகம். அத்தனை கிலோமீட்டர் துளிகளையும் பனித்துகள்களையும் தாண்டி வெயில் நம்மிடம் வந்து சேர வேண்டும். அதுவும் பிற்பகலில் சூரியன் மேற்கே, அந்த மேகத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் பச்சமலைப் பக்கத்து மேகம் அவ்வளவு கறுப்பு. கிழக்கே கடந்து போன பின் சூரியன் நமக்குப் பின்னால், மேகம் எதிரே. உச்சி வழியாகவும் பக்கவாட்டிலும் திரும்பி வரும் ஒளி நேரே நம் கண்ணுக்கு வருகிறது. அதனால் வெள்ளை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதுவே தலைகீழாக நடக்கும். விடிகாலையில் கடல் பக்கத்திலிருந்து ஏறி வரும் மேகம் சூரியனை மறைத்து வருவதால் கருத்திருக்கும். மாலையில் அதே திசை மேகம் வெளுத்திருக்கும்.

இந்த மேசைமேல் ஓர் உயரமான கண்ணாடிப் பாட்டில் இருக்கிறது. நீர் நிரப்பி, சில சொட்டுப் பால் விட்டிருக்கிறேன். செல்போன் விளக்கை வாய்ப்பக்கம் வைக்கிறேன். பக்கவாட்டில் பாருங்கள், லேசான நீலம். அடிவழியாக விளக்கைப் பார்த்தால் மஞ்சள் கலந்த சிவப்பு. பாலில் இருக்கும் மிகச் சிறிய புரதத் துகள்கள் காற்றின் மூலக்கூறு செய்யும் வேலையை ஓரளவு செய்கின்றன. இப்போது இன்னும் பால் விடுகிறேன். நீலம் போய் வெள்ளை வந்துவிட்டது. இன்னும் விடுகிறேன். மேல்பக்கம் விளக்கருகே பளீரென்று இருக்கிறது, அடிப்பக்கம் மங்கி இருண்டுவிட்டது. உள்ளே கறுப்பு எதையும் நான் கலக்கவில்லை. மாணவர்களே, இதை உங்கள் பள்ளியில் இருட்டான அறையில் செய்து பாருங்கள். ஆசிரியர்களிடமும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: விடையை எழுதிப்போடுவதற்கு முன் பாட்டிலைக் காட்டுங்கள்.

புயல் காலத்தில் தொலைக்காட்சியில் செயற்கைக்கோள் படம் காட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த பகல் படமாக இருந்தால் புயல்மேகம் அதில் பாற்கடலாக மின்னும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் பலாவும் முந்திரியும் சாய்ந்ததை நம் பக்கத்து மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். அத்தகைய புயலின்போது மேகத்துக்குக் கீழே நிற்பவருக்கு நடுப்பகலே மாலையாகிவிடும். மேலே இருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு அது கண் கூசும் வெண்மை. தடித்த மேகம் தன்மேல் விழும் ஒளியில் எண்பது விழுக்காடு வரைகூடத் திருப்பி அனுப்பும். மேலே எவ்வளவு வெள்ளையோ, கீழே அவ்வளவு கறுப்பு. திருப்பியது போக மீதிதானே கீழே வரும்?

இன்னொன்றும் உண்டு. நாம் கறுப்பு என்று சொல்வதே ஒப்பிட்டுச் சொல்வதுதான். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நன்றாக மூட்டம் போட்ட பகலிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். இரவில் டியூப் லைட் எரியும் நம் வீட்டுக் கூடத்தில் இருநூறு, முந்நூறு இருந்தால் அதிகம். அந்தக் கூடத்துச் சுவரை வெள்ளை என்கிறோம், அதைவிட வெளிச்சமான மேகத்தைக் கறுப்பு என்கிறோம். சுற்றியிருக்கும் வானம் பளிச்சென்று இருப்பதால் கண் அப்படித் தீர்ப்புச் சொல்கிறது.

மாலைச் சிவப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அடிவானத்துச் சூரியனின் ஒளி, உச்சிச் சூரியனின் ஒளியைவிட முப்பது நாற்பது மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே நீலம் சிதறிப்போய், சிவப்பு மிஞ்சுகிறது. மேகம் அதை அப்படியே வாங்கிக் காட்டும் வெள்ளைத் திரை. சூரியன் மறைந்த பின் கவனியுங்கள்: தாழ்ந்த மேகம் முதலில் சாம்பலாகிவிடும், எட்டுப் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கீற்று மேகம் கடைசிவரை சிவந்திருக்கும். பூமியின் நிழல் அங்கே ஏறுவதற்குக் கொஞ்சம் நேரமாகிறது.

துகளின் அளவுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் அபூர்வச் சான்று உண்டு. 1883 ஆகஸ்ட் 27ஆம் நாள் இந்தோனேசியாவில் கிரகடோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிக்கி ஸ்மித் அதை உற்று நோக்கிப் பதிவு செய்தார். பிற்காலத்தில் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானவர் அவர். லண்டன் ராயல் கழகம் 1888இல் வெளியிட்ட கிரகடோவா அறிக்கையில் இந்தச் செய்திகள் உள்ளன. மூலக்கூறைவிடப் பெரிதாய், மேகத்துளியைவிடச் சிறிதாய், ஏறக்குறைய ஒரே அளவில் துகள்கள் பரவினால் சிவப்பு அதிகமாகச் சிதறிப் பச்சையும் நீலமும் நேராக வரும். அளவு சற்று மாறியதும் நாட்டுக்கே சூரியன் நிறம் மாறிவிட்டது.

நம் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் எடுக்கிறோம், சிமெண்ட் செய்கிறோம், லாரிகள் ஓடுகின்றன. வறண்ட நாளில் அடிவானம் நீலம் இழந்து வெளிறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் மிதக்கும் தூசுக்கு அதில் பங்குண்டு. ஒரு நல்ல மழை பெய்து கழுவிவிட்டால் மறுநாள் வானம் எப்படிப் பளிச்சிடுகிறது! நுண்துகள்கள் மேகத்துக்குள்ளும் வேலை செய்கின்றன. இருக்கிற நீர் அதிகத் துகள்களுக்குப் பங்கு பிரிந்தால் துளிகள் சிறுத்துப் பெருகும். மேகம் கூடுதலாக வெளுக்கும். 1970களில் ஷான் டூமி என்ற அறிஞர் இதை நிறுவினார். காற்றில் நாம் விடும் மாசு மேகத்தின் நிறத்தையே தொடுகிறது என்பது எனக்குச் சாதாரணச் செய்தியாகப் படவில்லை.

நிறத்தைப் பார்த்து மழையைச் சொல்ல முடியுமா என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு. கருத்த அடிப்பாகம் மேகம் தடிமன் என்பதைச் சொல்கிறது. பெய்தே தீரும் என்று சொல்லவில்லை. மேகத்துளி வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் இறங்கும், கீழே வருவதற்குள் காய்ந்துவிடும். ஒரு மழைத்துளி உருவாகப் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். சேராமல் கலைந்து போன கருமேகங்கள் எத்தனை என்று மானாவாரி விவசாயிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை என்பார்கள் பெரியவர்கள். அதற்கும் அடிப்படை உண்டு. கை நீட்டி விரல் விரித்தால் ஒரு சாண் தெரியும் தூரத்தில் விழும் பெரிய வட்டம் உயரத்துப் பனிப்படிகங்களால் ஆவது. பெரிய மழைத்தொகுதிக்கு முன்னோடியாக அந்தப் படல மேகம் பல வேளைகளில் வரும். நிலாவை ஒட்டிய சிறு வட்டம் மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகளால் ஆவது. அந்த மேகத்தில் மழைக்கான தடிமன் இல்லை.

கருமை ஒன்றை மட்டும் உறுதியாக எச்சரிக்கிறது. பத்துக் கிலோமீட்டர் வளர்ந்த மேகத்தின் மேல்பாதி உறைநிலைக்குக் கீழே இருக்கிறது. அங்கே பனித்துகளும் சிறு ஆலங்கட்டியும் மோதி மின்னூட்டம் பிரிகிறது. அதனால் கோடையில் மேற்கே மையாகக் கருத்து வரும் மேகத்தை இடிமேகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவமும் இந்தக் கோடை மழைப் பருவமும் ஒன்றாக வருகின்றன. பெண்களும் பிள்ளைகளும் தோப்பில் இருக்கும் பிற்பகல் நேரத்தில்தான் இந்த மேகம் ஏறுகிறது. தூற்றல் விழுந்ததும் மரத்தடியில் ஒதுங்குவது நம் வழக்கம். தாய்மார்களே, பெரியோர்களே, அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். முந்திரி மரமானாலும் பனையானாலும் மின்னலுக்கு அது பாதுகாப்பில்லை. மின்னல் கண்டு முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள், அதாவது நம்மைத் தாக்கக்கூடிய தூரத்துக்குள் வந்துவிட்டது என்று பொருள். கூடையை அங்கேயே வைத்துவிட்டுக் கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ, கதவடைத்த வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகு திரும்பி வந்து கொட்டையைப் பொறுக்கிக்கொள்ளலாம்.